நல்லா சாப்பிடுவாரு

அவன் ஒரு நாட்டின் அதிபருக்குப் பன்னிரண்டு வருடம் மருத்துவ ஆலோசகராக இருந்தவன். அந்த வேலையை முடித்துவிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பியவன், ஊரில் வேறு இடமே இல்லாததுபோல என் கிளினிக்குக்கு நேர் எதிரே கிளினிக் போட்டான். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து எழுதிப் பிரயோசனமில்லை. மூன்று வருடமும் எரிந்தது.

எந்த நாடு, எந்த அதிபர் என்று சொல்ல மாட்டேன். கடலுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன நாடு, அவ்வளவுதான். அவனே அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நாட்டை ‘அங்க’ என்பான். அதிபரை ‘அவரு’ என்பான். எங்கள் இருவருக்கும் பொதுவாக, தெருத் திருப்பத்தில் இருக்கும் மருந்துக் கடை பாய்தான் முதலில் அவன் வாயைக் கிளறிப் பார்த்தார்.

“டாக்டர், அதிபருக்குச் சுகர் உண்டுமா?”

“நல்லா சாப்பிடுவாரு பாய்.”

“பிரஷர்?”

“நல்லா சாப்பிடுவாரு.”

“இம்புட்டுப் பெரிய பதவியில இருக்கவருக்கு ஹார்ட்டுல எதுனா...”

“காலையில ரெண்டு முட்டை. நல்லா சாப்பிடுவாரு.”

அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. பாய் அசந்துபோய் என்னிடம் வந்து, “அம்மா, அந்த மனுசன் வயித்துல எம்புட்டு ரகசியம் கெடக்கும்” என்றார். “கெடக்கும், கெடக்கும். நேத்துத் தின்ன பிரியாணியும் கெடக்கும்” என்றேன். பாய் சிரிக்கவில்லை.

அவனும் நானும் மதுரையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் எரியோடு பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. தக்காளியும் வெங்காயமும் போடுகிற குடும்பம். நான் டவுனில் பூட்டுக் கடைக்காரர் மகள். கடைசி வருடப் பரீட்சையில் எங்கள் இருவருக்கும் ஒரே நோயாளி வாய்த்தார், கை நடுங்கும் ஒரு வயதான தறிக்காரர். முதலில் அவன் சோதித்தான், பிறகு நான். செய்ய வேண்டிய ஒரு சோதனையை அவன் விட்டுவிட்டான். நான் விடவில்லை. தங்கப் பதக்கம் என் கழுத்துக்கு வந்தது. வராந்தாவில் என்னைத் தேடி வந்து, “எப்படிப்பா அது உனக்குத் தோணுச்சு?” என்று கேட்டான். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் அதைத் தோற்றவன் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் வந்தபோது இரண்டு பேரும்தான் மனுப் போட்டோம். உத்தரவு முதலில் எனக்குத்தான் வந்தது. அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம். “கடல் தாண்டியெல்லாம் எதுக்கு? இங்க காச்சக்காரங்க இல்லையா?” என்றார் என் வீட்டுக்காரர். இருந்தார்கள். நிறையவே இருந்தார்கள். முப்பது வருடமாகக் காய்ச்சல், பேதி, சளி, சர்க்கரை என்று ஒரே தெருவில் உட்கார்ந்து பார்த்தேன். நான் போகாத இடத்துக்குப் போய், எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, அந்த மினுமினுப்போடு இவன் எதிரே வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. மகன் பெங்களூரில். எனக்கென்று மிச்சம் இருந்தது இந்தத் தெருவும், ‘டாக்டரம்மா’ என்ற அழைப்பும்தான். அதிலும் அவன் பங்கு கேட்க வந்ததாக நினைத்தேன்.

காலை ஒன்பது மணிக்கு அவன் தன் கிளினிக் வாசலில் வந்து நிற்பான். கையில் பேப்பர், டீ எதுவும் இருக்காது. பஸ் நிறுத்தத்திலிருந்து வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பான். நான் ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே போகும்வரை என்னையும் பார்ப்பான். என்னிடம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கிறான் என்றுதான் நான் முடிவுகட்டினேன். விடுவேனா? என்னிடம் பத்து வருடமாக இருக்கும் நர்ஸ் செல்வியை ஜன்னலோரம் நிறுத்தினேன்.

“செல்வி, எதுத்தாப்புல எத்தனை?”

“பதினொண்ணும்மா.”

“நம்மகிட்ட?”

“ஒம்பது. ஆனா நம்ம ஒம்பதுல ரெண்டு பேரு துணைக்கு வந்தவங்க.”

“உன்னைய அதையெல்லாம் கேட்டனா?”

தெருவிலிருந்து அவன் கிளினிக்குக்கு ஆறு படி. அதில் ஏறுவதற்கும் அவனுக்கு ஒரு தோரணை உண்டு. நான்கு படி ஏறியதும் நிற்பான். திரும்பித் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்ப்பான். சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுக்கொள்வான். பிறகு மீதி இரண்டு படியை நிதானமாக ஏறுவான். தினமும் இதுதான். “பாரு செல்வி, ராசா தர்பாரைப் பாத்துட்டுப் போறாரு” என்பேன். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சட்டைப் பையில் அதிபர் கொடுத்த தங்கப் பேனா இருப்பதாக ஊரில் பேச்சு. பாய் ஒருநாள் காட்டச் சொல்லிக் கேட்டதற்கு, “எழுதாத பேனா பாய், அதைப் பாத்து என்ன செய்யப் போறீங்க” என்று சிரித்து ஒதுங்கிவிட்டான். இருக்கிறது, காட்டத்தான் மனசில்லை என்று நாங்கள் எல்லோரும் புரிந்துகொண்டோம்.

என் கிளினிக்கில் எனக்குச் சத்தமாகப் பேசித்தான் பழக்கம். நோயாளிக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். “ஏன்யா, மூணு நாளா வெளிக்கிப் போகலையா?” என்று உள்ளே கேட்டால் பாய் கடையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை; அம்மா உரிமையாகக் கேட்கிறார்கள் என்பார்கள். அவன் வந்து திரை இருக்கும் இடத்தில் கதவு போட்டான். கதவுக்கு உள்ளே நடந்தது வெளியே வராது. ஒரு பெண்பிள்ளை அவனிடம் போய், தன் புருஷனுக்கு என்ன வியாதி என்று கேட்டிருக்கிறாள். “அவருகிட்டயே கேளுத்தா. சொல்லலேன்னா ரெண்டு பேருமா வாங்க, ஒக்கார வச்சுப் பேசுறேன்” என்றானாம். அவள் அதை என்னிடம் வந்து புகழ்ந்து சொன்னாள். கொஞ்ச நாளில் என் பழைய ஆட்களே என் திரைக்குள் வந்து குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். “சத்தமாச் சொல்லுங்க” என்றால் வாசல் பக்கம் பார்த்தார்கள். அவன் கதவு போட்டதில் என் திரை அசிங்கமாகிப் போனது.

அய்யலூர் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகும் வியாபாரி ஒருவர் பதினாறு வருடமாக என்னிடம் சர்க்கரைக்கு மருந்து வாங்குகிறவர். ஒருநாள் உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்காராமலே, “அம்மா, என் வலது கால்ல நரம்பைக் கொஞ்சம் பாருங்க” என்றார்.

“யாரு சொன்னா?”

“எதுத்தாப்புல டாக்டரு. நான் பஸ்ஸ விட்டு எறங்கி வந்தேன். வாசல்ல நின்னவரு செருப்பைக் கழத்தச் சொன்னாரு. வலது செருப்பு முன்னால மட்டும் தேஞ்சிருக்கு, பாதம் தூக்க மாட்டேங்குது, நரம்பைப் பாக்கச் சொல்லுங்கன்னாரு. அம்மாகிட்டயே போங்க, அவங்களுக்குத்தான் ஒங்க ஒடம்பு தெரியும்னாரு.”

பார்த்தேன். அவன் சொன்னதுபோல்தான் இருந்தது. பாதத்தில் ஊசியால் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. பதினாறு வருடமாக அந்த மனிதர் என் வாசலில்தான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருகிறார்.

“நாங்க ஆட்டை நடக்கவிட்டுப் பாத்தே நோவு சொல்லிருவோம்மா” என்றார் வியாபாரி, காலை நீட்டிக்கொண்டு. “இவரு மனுசனை அப்படிப் பாக்குறாரு.”

நோயாளியைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் என்னிடமே திருப்பி அனுப்பியவனுக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். செல்வியிடம், “எச்ச எலையத் தள்ளிவிடுற மாதிரி தள்ளிவிடுறான் பாரு” என்றேன். அதற்குப் பிறகு அவனைக் கண்டால் பேசுவதையும் நிறுத்திக்கொண்டேன்.

பேசாவிட்டாலும் அவன் என்ன மருந்து எழுதுகிறான் என்று பார்ப்பதை நிறுத்தவில்லை. எங்கள் தெருவில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நோயாளிக்கு நோட்டில் எழுதிக் கொடுப்போம். கடைக்குத் தனியாக ஒரு துண்டுச் சீட்டு போகும். அதைப் பாய் வாங்கிக் கல்லா பக்கத்தில் இருக்கும் கம்பியில் குத்தி வைப்பார். அவனும் வந்த நாளிலிருந்து அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டான். நான் மத்தியானம் வீட்டுக்குக் கிளம்பும்போது பாய் கடையில் நின்று, ஏதோ விசாரிப்பதுபோலக் கம்பியைப் புரட்டி அவன் சீட்டுகளைப் படிப்பேன். ஒரு தப்பு கிடைக்காதா என்றுதான். கிடைக்கவில்லை. மருந்து குறைவாக எழுதுவான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஊர் டாக்டர்கள் எல்லோரும் கூடும் ஆண்டு விருந்தில் அவனைப் பேசச் சொன்னார்கள். ‘அதிபரின் பக்கத்தில் பன்னிரண்டு ஆண்டுகள்’ என்று தலைப்பே போட்டுவிட்டார்கள். அப்படியாவது ஏதாவது சொல்லுவான் என்று எல்லோரும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அவன் பதினைந்து நிமிடம் பேசினான். அதிபர் எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளே போய் அங்கே இருக்கும் ஆஸ்பத்திரியைப் பார்த்துவருவதைப் பற்றிச் சொன்னான். விருந்துகளில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்ததைப் பற்றியும், பன்னிரண்டு வருடமும் ஆறிப்போன சோற்றையே தின்றதைப் பற்றியும் சொன்னான்.

“அவர் சரின்னு சொன்னாத்தான் தொட முடியும். வருசத்துக்கு ரெண்டு தடவை சொல்லுவாரு. மத்த நாளெல்லாம் கண்ணு மட்டுந்தான். விமானத்துல எந்தக் காலை மொதல்ல வைக்கிறாரு, எந்தக் கையால பட்டன் போடுறாரு, கொடி ஏத்துறப்ப எம்புட்டு நேரம் ஆடாம நிக்கிறாரு. தினமும் காலையில அவரு கையெழுத்துப் போட்ட காயிதம் ஒண்ணு எம் மேசைக்கு வரணும்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் நெஞ்சில் நின்றது. அதிபர் கையெழுத்துப் போட்ட காகிதம் இவன் மேசைக்குத் தினமும் வந்ததாம். பீற்றல் என்று நினைத்தேன். மெடிசினில் தங்கப் பதக்கம் வாங்கியவள், ஒரு டாக்டருக்கு அந்தக் கையெழுத்து எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நாக்கில் கசப்பு ஊறிக்கொண்டிருந்தால் வேறு எதுவும் ஓடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணிக் கடையில் அவனைப் பார்க்க நேர்ந்தது. முன்பெல்லாம் தெருமுனையில் வரும்போதே அந்தக் கடை மணம் ஆளை இழுக்கும். கொஞ்ச நாளாகவே எனக்கு அந்தக் கடைமேல் சந்தேகம். அன்றைக்குப் பார்சலைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, நேரே கல்லாவுக்குப் போனேன்.

“அரிசியை மாத்திட்டீங்களாக்கும்? ஒரு வாசம் இல்ல, ஒண்ணுமில்ல. திண்டுக்கல்காரங்களையே ஏமாத்துறீங்களே.”

கடைக்காரர் பதறிப்போய், “ஆண்டவன் மேல சத்தியமா அதே சீரகச் சம்பாதான் டாக்டரம்மா. மசாலா எங்க வீட்டுல அரைக்கிறது. விறகுகூட மாத்தல” என்றார்.

“அப்ப என் மூக்கு பொய் சொல்லுதாக்கும்.”

மூலையில் சூடாகத் தின்றுகொண்டிருந்த அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். எழுந்து கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்தான். “எம்புட்டு நாளா வாசம் தெரியல உனக்கு?” என்று மெதுவாகக் கேட்டான்.

“கொரோனா வந்ததுலேருந்து கொஞ்சம் அப்படித்தான். நீ என்ன, கடைக்காரருக்கு வக்காலத்தா?”

நான் பார்சலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திரும்பிப் பார்த்தபோது கடை வாசலில் நின்று நான் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது எனக்கு வலது தோளில் ஒரு பிடிப்பும் இருந்தது. அதை வயசு என்று வைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மாதம்தான் அது நடந்தது. பாய் கடையில் கம்பியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது என் சீட்டு ஒன்று குறைந்தது. முதல் நாள் ஒரு குழந்தைக்கு எழுதியது. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“பாய், என் சீட்டு ஒண்ணு எங்க?”

பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எதுத்தாப்புல டாக்டரு எடுத்துட்டுப் போனாரும்மா.”

“என் சீட்டையா?”

“மாசம் ஒண்ணு எடுத்துக்குவாரு. வந்த புதுசுலேருந்து.”

“எதுக்காம்?”

“அம்மா மருந்து எழுதுற விதத்தக் கத்துக்கணும் பாய்னு சொன்னாரு. நான் பெருமையாத்தான் நெனச்சேன்.”

எனக்குக் கண் மண் தெரியவில்லை. நான் அவன் சீட்டுகளில் என்ன தேடினேனோ அதையேதான் அவனும் என் சீட்டுகளில் தேடுகிறான் என்று தோன்றியது. அதிலும் கேலி வேறு. தெருவைக் கடந்தேன். ஆறு படியும் ஏறி, தட்டாமல் கதவைத் திறந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவன் தனியாகத்தான் இருந்தான்.

“எம் பொழப்புல கை வைக்கிறியா நீ?”

“ஒக்காருப்பா.”

“ஒக்கார வரல. முப்பது வருசமா இந்தத் தெருவுல உக்காந்திருக்கேன். எங்க தப்பா எழுதிருக்கேன், சொல்லு. மேல யாருக்கும் எழுதிப் போடப் போறியா?”

அவன் மேசை டிராயரைத் திறந்தான். என் சீட்டுகளை எடுத்து மேசைமேல் ஒவ்வொன்றாக, மாத வரிசையில் அடுக்கினான். ஐந்தைந்தாக ஆறு வரிசை வந்தது.

“மருந்தைப் படிக்காத” என்றான். “ரெண்டடி தள்ளி நின்னு பாரு.”

தள்ளி நின்று பார்த்தேன். முதல் வரிசையில் என் எழுத்து சீட்டை நிறைத்துக்கொண்டு கிடந்தது. மூன்றாவது வரிசையில் சுருங்கியிருந்தது. கடைசி வரிசை எறும்பு ஊர்வதுபோல இருந்தது. கடைசிச் சீட்டில் முதல் வரி ஓரளவு தெரிந்தது. நான்காவது வரி எனக்கே படிக்க முடியவில்லை. எழுத்து இப்படிச் சுருங்கினால் என்ன அர்த்தம் என்று புத்தகம் பார்க்காமல் சொல்லத் தெரிந்தவள் நான். அதைச் சொல்லித்தான் பதக்கம் வாங்கினேன். அன்றைக்குப் பரீட்சையில் அந்தத் தறிக்காரர் கையில் பேனாவைக் கொடுத்து, பெயரைப் பத்துத் தடவை எழுதச் சொன்னவள் நான்தான். அவன் விட்டுவிட்ட சோதனை அது. எழுத எழுத அவர் பெயர் சின்னதாகிக்கொண்டே போனது. நடுக்குவாதம் என்றேன். சரி என்றார் பரீட்சகர்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பக்கத்தில் வந்து, என் வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னான். தட்டினேன். ஏழெட்டுத் தட்டுக்குமேல் விரல் நான் சொன்னபடி கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தான்.

“மொத வருசம் எனக்கே நிச்சயமில்ல” என்றான். “எழுத்து மட்டும்தான். பெறகு நீ நடக்கும்போது வலது கை வீசாம தொங்குச்சு. வாசல்ல நின்னு தினம் பாப்பேன். பிரியாணிக் கடையில நீ வாசம் இல்லேன்னு சண்டை போட்டப்பதான் எனக்குத் தெளிவாச்சு. நடுக்குவாதத்துல மொதல்ல மூக்குதானே போகும்.”

“அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?”

“நீ எங்கூடப் பேசவே இல்லையேப்பா. இன்னைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு ஒரு மாசத்தைக் கடத்திட்டேன். பயமா இருந்துச்சு. அது எந் தப்புதான்.”

சீட்டுகளைத் திரும்ப ஒரு கட்டாகச் சேர்த்து வைத்தான். பிறகு அவன் சொன்னான். “அந்தத் தறிக்கார அய்யாவை நீ எழுதச் சொன்ன பாரு, அதுக்கப்புறம் நான் ஒருத்தரைக்கூட எழுத வைக்காம விட்டதில்ல. அங்க தினமும் கையெழுத்து வாங்கிப் பாத்ததும் அதுக்குத்தான். உங்கிட்டக் கத்துக்கிட்டதுதான் அது. பாய்கிட்ட நான் பொய் சொல்லல.”

அந்த நேரத்திலும் என் புத்தி போன இடத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. “அப்ப அவருக்கும் இதுதானா?” என்று கேட்டேன்.

“நல்லா சாப்பிடுவாரு” என்றான்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஊருக்குத் தெரிஞ்சா ஒருத்தரும் எங்கிட்ட வர மாட்டாங்க. எனக்குன்னு வேற என்னப்பா இருக்கு?” என்றேன்.

“ஊருக்கு யாரு சொல்லப் போறா?”

மதுரையில் நரம்பு டாக்டரைப் பார்க்க அவனே ஏற்பாடு செய்தான். மாத்திரை ஆரம்பித்தோம். ஊசி போடுவதைச் செல்வியிடம் விடச் சொன்னான். சீட்டைக் கம்ப்யூட்டரில் அடித்து எடுக்கச் சொன்னான். அம்மா மாடர்ன் ஆகிவிட்டார்கள் என்று பாய் எல்லோரிடமும் சொன்னார். திரையை எடுத்துவிட்டுக் கதவு போட்டேன். மத்தியானம் அவன் டீ குடிக்க வருவதுபோல என் கிளினிக்குக்கு வருவான். கதவைச் சாத்திக்கொண்டு விரலைத் தட்டச் சொல்வான், வெள்ளைத் தாளில் ஒரு வரி எழுதச் சொல்வான். எங்கள் இருவரைப் பற்றியும் ஊர் ஒரு மாதிரியாகப் பேசுவதாகச் செல்வி சொன்னாள். அவனிடம் சொன்னேன். “பேசட்டும். உண்மை தெரியாம இருந்தாச் சரி” என்றான்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. தாளில் தேதியும் அளவும் குறித்துக்கொள்ளும் அவன் கையைப் பார்ப்பேன். வரிக்கு வரி ஒரே உயரத்தில் எழுத்து நடந்து போகும். அந்தக் கை எனக்கு வேண்டும்போல இருக்கும். அவன் நாற்காலி, அவன் பெயர், அவன் கதவு எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டு முடித்து, கடைசியில் அவன் கைக்கு ஆசைப்பட்டேன்.

அப்படி ஐந்தாறு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குச் செல்வி ஜன்னலிலிருந்து கத்தினாள். அவன் நான்காவது படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தான். என்னால் எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகத் தெருவைக் கடந்தேன். படுக்கவைத்தோம். நெஞ்சை அழுத்தினேன், என் கை ஓய்ந்தபோது செல்வி அழுத்தினாள். பாய் ஆம்புலன்ஸுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். சட்டையை விலக்கும்போது பையில் என்னவோ தட்டுப்பட்டது. தங்கப் பேனாவாக இருக்கும் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

பேனா இல்லை. மாத்திரை அட்டை. நெஞ்சை அடைக்கும்போது நாக்குக்கு அடியில் வைப்பது. பாதிக்குமேல் காலியாக இருந்தது.

பாயைப் பார்த்தேன். “எங்கிட்ட வாங்கினதில்லையேம்மா” என்றார். எங்கே வாங்கினான், எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார், எத்தனை வருடமாக என்று எதுவும் தெரியவில்லை. எரியோட்டிலிருந்து உடலை எடுத்துப்போக வந்த அவன் அண்ணனுக்கும் தெரியவில்லை. அதிபர் உடம்பை மறைத்ததுபோலத் தன் உடம்பையும் மறைத்திருக்கிறான்.

ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படியில் பாதியில் நிற்கிற மனுஷனை உட்காரவைத்து இ.சி.ஜி. எடுக்கச் சொல்லி எத்தனையோ பேரிடம் நானே கத்தியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர மூன்று வருடமும் அவன் நான்காவது படியில் நின்றதைப் பார்த்தேன். மூச்சு வாங்க நின்றவனை ராசா என்றேன். நெஞ்சைத் தொட்டவனைப் பேனாவைத் தொடுகிறான் என்றேன். சிரிக்கவும் ஒரு ஆளை வைத்துக்கொண்டேன். என் நோய் தெரிந்து, அவன் எப்படிப் பார்க்கிறவன் என்று தெரிந்து, அதற்குப் பின்னும் மாதக்கணக்கில் ஜன்னல் வழியே அந்தப் படியைப் பார்த்தேன். என் விரலை அவன் கவனித்த நேரத்தில் ஒரு தடவை அவன் நாடியைப் பிடித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

என் வியாதியை அவன் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுதி நானே வெளியில் சொல்கிறேன். இதற்குப் பிறகு என் கதவுக்கு முன்னால் ஆள் குறைந்தால் குறையட்டும்.

அவன் போய் எட்டு மாதம் ஆகிறது. ஆட்டு வியாபாரி, பிரியாணிக் கடைக்காரர், பாய் எல்லோரும் என்னிடம் வந்து கேட்டுவிட்டார்கள். “நல்லாத்தானே இருந்தாரு. அவருக்கு என்னம்மா இருந்துச்சு? உங்களுக்குத் தெரியாம இருக்குமா?”

“நல்லா சாப்பிடுவாரு” என்கிறேன்.

பாய் தலையை ஆட்டிக்கொள்கிறார். “ரெண்டு பேரும் ஒரே படிப்பு படிச்சவங்கல்ல. வாயத் தொறக்க மாட்டீங்க” என்கிறார், மரியாதையாக. அவனைப்போலவே நானும் ரகசியத்தைக் காக்கிறேன் என்று ஊர் நம்புகிறது. அவனுக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது என்பதைத்தான் இத்தனை நாளாக மறைத்துக்கொண்டிருக்கிறேன்.